பழைய பேனல் ஸ்பீக்கர்: வாங்கவும் விற்கவும் பயனுள்ள குறிப்புகள்

ஆண்டிமடத்தில் ஸ்பீக்கர் என்றதும் நினைவுக்கு வருவது வேப்பமரத்தில் கட்டிய குழாய்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எதுவானாலும் சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து கட்டிவிட்டுப் போவார். விடியற்காலையில் அது பாட ஆரம்பித்தால் முந்திரிக்காடு தாண்டியும் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் என் வீட்டுக் கூடத்தில் இரண்டு பலகைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. வருகிறவர்கள், “கதவைக் கழற்றி ஏன் இங்கே வச்சிருக்கீங்க?” என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் பாட்டைப் போட்டுவிடுவேன். பாடுகிறவர் அந்தப் பலகைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

இதற்குப் பெயர் பேனல் ஸ்பீக்கர். பெரும்பாலும் பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய மைலார் தாள் மொத்தமாக அசைந்து பாடும். இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் 1957இல் கொண்டுவந்த இஎஸ்எல் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அமெரிக்காவில் ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மேக்னபேன் அடுத்தது. அப்போஜியும் மார்ட்டின் லோகனும் 1980களில் வந்தவை. புதிதாக வாங்க நம்மில் பலருக்குக் கட்டாது. இசைப் பிரியர்களிடையே கைமாறித்தான் நம் பக்கம் வந்து சேரும். என்னுடையது மூன்றாவது கை. வாங்கியும் விற்றும் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. விலை கேட்பதற்கு முன்னால், “பின்னால் கரண்ட் வயர் இருக்கிறதா?” என்று கேளுங்கள். மேக்னபேனில் இருக்காது. அதில் தாளின்மேல் மெல்லிய கம்பிகளை ஒட்டியிருப்பார்கள், பக்கத்தில் காந்தப் பட்டைகள் இருக்கும், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தரும் மின்சாரமே போதும். குவாட், மார்ட்டின் லோகன் போன்றவை எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகை. தாளில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி வைக்க வேண்டியிருப்பதால் பிளக் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் அது 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் வீட்டில் 230. முனையை வெட்டி நம்மூர் பிளக்கை மாட்டினால் உள்ளே கருகிவிடும். பின்பக்கச் சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

2. அடுத்தது உங்கள் வீட்டு அளவு. இந்த ஸ்பீக்கர் முன்னால் எவ்வளவு பாடுகிறதோ பின்னாலும் அவ்வளவு பாடும். சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முன்னொலியைக் கெடுக்கும். சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஸ்பீக்கருக்கு இடம் இருக்கும், நமக்கு இருக்காது. மேக்னபேனின் சிறிய மாடலான எல்ஆர்எஸ் 122 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம். 1.7 மாடல் 164 செ.மீ. உயரம், அரை மீட்டர் அகலம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அதே அளவுக்கு இரண்டு பலகை வெட்டி, கூடத்தில் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். அம்மா விளக்கேற்றப் போகும் வழி அடைபடுகிறதா, பிள்ளைகள் ஓடிப்போய் மோதுகிறார்களா, கதவு முழுசாகத் திறக்கிறதா எல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்களின் சம்மதமும் கிடைக்கும்.

3. ஆம்ப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திருவிழாக் குழாய் இரண்டு வாட்டிலேயே தெருவை நிறைத்துவிடும். பேனல் அப்படியில்லை. மேக்னபேன் தன் ஸ்பீக்கர்களுக்குச் சொல்லும் கணக்கு 86 டெசிபல், 4 ஓம். 4 ஓமைத் தாங்கி நிறைய கரண்ட் கொடுக்கும் ஆம்ப் வேண்டும். சின்ன ஆம்பை முழுசாகத் திருகினால் ஒலி சிதைந்து வரும். அந்தச் சிதைந்த ஒலிதான் மேல் ஓசையைப் பாடும் ட்வீட்டரை எரிக்கும். பழைய குவாட் இஎஸ்எல் இதற்கு நேர்மாறு. 33 வோல்ட்டுக்கு மேல் போனால் உள்ளே தீப்பொறி அடித்துத் தாள் பொத்துப்போகும். அதற்குப் பெரிய ஆம்பைக் காட்டவே கூடாது. அப்போஜி சின்டில்லா போன்றவை 1 ஓம் வரை இறங்கும், சாதாரண ஆம்ப் படுத்துவிடும். உங்களிடம் இருக்கும் ஆம்பின் பெயரைச் சொல்லி, இதோடு ஓடுமா என்று விற்பவரிடமே கேளுங்கள். உண்மையில் பாட்டுக் கேட்கிற ஆள் தயங்காமல் பதில் சொல்வார்.

4. வண்டி ஏறுவதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை: எந்த வருடத்தியது, நீங்கள் எத்தனையாவது கை, எங்காவது பிரித்து ஒட்டியிருக்கிறதா, இரண்டும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவைதானா, எந்த இடத்தில் நின்றது. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மேக்னபேனின் தாளில் ஒட்டியிருப்பது அலுமினியக் கம்பி. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ கடற்காற்று வரும் ஜன்னலோரம் பல வருடம் நின்ற ஜோடியில் கம்பி பூத்திருக்க வாய்ப்பு அதிகம். வெயில் விழுந்த இடத்தில் நின்றிருந்தால் ஒட்டியிருக்கும் பசை காய்ந்து உதிரத் தொடங்கியிருக்கும். கடலை விட்டுத் தள்ளி, வெயில் படாத உள்ளறையில் நின்றதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கலாம்.

5. பகலில் போங்கள். கையில் டார்ச், மல்டிமீட்டர், இஞ்ச் டேப், உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகள், கூடவே பாட்டுக் கேட்கிற ஒரு ஆள். “அவசரம், இன்னிக்கே எடுத்துக்கணும், பின்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க” என்கிறவரிடம் அன்றைக்கு வாங்க வேண்டாம்.

6. கண்ணால் பார்ப்பது. துணி உறையில் பூனை கீறிய தடம், எலி கடித்த ஓட்டை, கரையான் அரித்த அடிச்சட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டார்ச்சைத் துணிக்குச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் அடித்தால் உள்ளே தாளும் கம்பியும் நிழலாகத் தெரியும். நல்ல நிலையில் இருக்கும் கம்பிகள் தறியில் பாவு நூல் போட்டது போல நேராக, சம இடைவெளியில் போகும். பசை விட்ட இடத்தில் ஒரு கம்பி மட்டும் அலையலையாக வளைந்து பக்கத்துக் கம்பியைத் தொடுகிற மாதிரி நிற்கும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. துணியைக் கீழ்ப்பக்கம் ஸ்டேப்பிள் பின் அடித்து நிறுத்தியிருப்பார்கள். விற்பவர் சம்மதித்தால் அடியில் ஒரு சாண் மட்டும் பிரித்துப் பார்க்கலாம். எந்தக் காரணம் கொண்டும் தாளை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள்.

7. காதால் பார்ப்பது. இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

முதலில் இரண்டில் ஒன்றை மட்டும் பாடவிடுங்கள், பிறகு மற்றதை. இரண்டும் சேர்ந்து பாடும்போது ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமோ தவிலின் குச்சிப் பக்கமோ தனியாக வரும் இடம் ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். அடித்த ஓசை முடிந்த பிறகு அதன் வாலில் ‘ஸ்ர்ர்’ என்று தாள் கிழிபடுவது போல ஒன்று கேட்டால், உள்ளே கம்பி விட்டிருக்கிறது. குரலுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் போதும். நம் எல்லார் காதிலும் ஊறிப்போனது, எங்கே மாறினாலும் உடனே தெரியும். குழலுக்கு இளையராஜா 1988இல் வெளியிட்ட ‘நத்திங் பட் விண்ட்’. அதில் ஹரிபிரசாத் சௌராஸியாவின் மூச்சு காற்றாகவே கேட்க வேண்டும். நாதஸ்வரத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம். நாதஸ்வரத்தைச் சிதறாமல் கொடுக்கிற ஸ்பீக்கர் எதையும் கொடுக்கும் என்பது என் அனுபவம்.

சட்டசபையில் கேள்வி கேட்பது போல நின்றுகொண்டு கேட்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, காது ஸ்பீக்கரின் நடு உயரத்தில் இருக்கும்படி கேளுங்கள். சில மாடல்களில் எழுந்து நின்றால் மேல்ஸ்தாயி மாறிப்போகும்.

நான் முதல் ஜோடி வாங்கப் போனபோது இருட்டிவிட்டது, ஊர் திரும்ப பஸ் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம். ஒரே ஒரு பாட்டை, அதுவும் குரல் மட்டும் உள்ள பாட்டை, சத்தமாகக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். வீட்டில் வைத்துத் தவில் போட்டபோதுதான் இடது பக்கம் ‘ஸ்ர்ர்’ என்றது. அந்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, அது ஸ்பீக்கர் இல்லை, ஜன்னல் கண்ணாடி என்று என்னையே நம்ப வைக்கப் பார்த்தேன். ஜன்னலைக் கையால் பிடித்தேன், அதிர்வு நின்றது, ‘ஸ்ர்ர்’ நிற்கவில்லை.

ஆனால் ஜன்னலைப் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். விற்பவர் வீட்டிலும் செய்யுங்கள். சுவரில் மாட்டிய படம், அலமாரிக் கண்ணாடி, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் அதிர்ந்து நல்ல ஸ்பீக்கர்மேல் பழி போட்டுவிடும்.

8. ஒரு பக்கம் மேல் ஓசையே இல்லையா? சலங்கையும் ஜால்ராவும் போர்வைக்குள் இருந்து வருவது போல இருக்கிறதா? பயந்துவிடாதீர்கள். மேக்னபேனில் பின்னால் ட்வீட்டருக்கென்று தனி ஃபியூஸ் உண்டு. அது மட்டும் போயிருக்கலாம். ட்வீட்டர் போய்விட்டது என்று நினைத்து மலிவாகத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். நம் பக்கத்தில் ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் உண்டு. விற்பவர் அப்படிச் சுற்றியிருந்தால், ட்வீட்டர் எவ்வளவு அடி வாங்கியதோ என்று யோசித்து விலை பேசுங்கள்.

9. மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு ஸ்பீக்கரின் முனைகளையும் தொடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று ஒரு எண்ணும் மற்றது வேறு எண்ணும் காட்டினால் ஒன்றைப் பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள், அல்லது கம்பி அறுந்திருக்கிறது. எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகையில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இந்தச் சோதனையில் தாளின் நிலை தெரியாது.

10. எலெக்ட்ரோஸ்டாட்டிக் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: முந்தின நாள் இரவே பிளக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், சார்ஜ் ஏற நேரமெடுக்கும். பாட்டை நிறுத்திவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ‘டிக்... டிக்...’ என்றோ பொரிவது போலவோ சத்தம் வந்தால் தூசியும் ஈரமும் உள்ளே கசிவை உண்டாக்குகின்றன. ஒரு பக்கம் சன்னமாகப் பாடினால் அந்தத் தாளின் மேல்பூச்சு தேய்ந்திருக்கலாம். பேனலை மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு வாங்கிய விலையையே எட்டிப் பிடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும். தெரியாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே கூடாது. உயிர் விஷயம்.

11. ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். பல மாடல்களில் இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக இருக்கும், ட்வீட்டர் ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். “ஒண்ணு மட்டும் இருக்கு, இன்னொண்ணு எப்படியாவது கிடைச்சிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

12. விலை. பழைய பேனலுக்கு ஊரறிந்த விலை என்று ஒன்று இல்லை. ஒரு அளவுகோல் வேண்டுமானால், 2019இல் எல்ஆர்எஸ் வந்தபோது அமெரிக்காவில் ஜோடி 650 டாலர். விற்பவர் சொல்லும் விலையோடு வண்டி வாடகை, ஒட்டுவேலை, தேவைப்பட்டால் புது ஆம்ப் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஹாரன் யூனிட்டுக்கு டயாபிரம் மாற்றுவதிலும் கிழிந்த கூம்பு ஒட்டுவதிலும் நம் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கைதேர்ந்தவர்கள். மைலார் தாளில் கம்பியைப் பழையபடி ஒட்டுவது வேறு வேலை, நாள்கணக்கில் பொறுமை கேட்கும். என் முதல் ஜோடியின் இடது பக்கத்தை நானே ஒட்டினேன். இரண்டு கம்பிக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதனால் பசை விட்ட ஜோடிக்குப் பாதி விலை கேட்பது பேராசை ஆகாது.

13. பணம். பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். விற்கிறவர்கள் இன்னொன்று நினைவில் வையுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. “க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்” என்கிறவன் திருடன். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைநீட்டி வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாக வாங்குங்கள். வெள்ளைத்தாளில் மாடல், வரிசை எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது பின்னால் இருவருக்கும் நல்லது.

14. கொண்டுவருவது. பஸ் டாப்பில் போட்டுக்கொண்டு வரும் சாமான் இல்லை இது. குட்டி யானை பிடியுங்கள். அடியில் இரண்டு பழைய மெத்தை. ஸ்பீக்கர்களை நீளவாட்டில், ஓரத்தில் நிறுத்தி, இரண்டின் முகமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவில் முழு அளவுத் தெர்மகோல் பலகை கொடுங்கள். கயிறு மரச்சட்டத்தின்மேல் மட்டும் போக வேண்டும், துணியின்மேல் போகக் கூடாது. அதற்கு மேல் கோரைப்பாய் சுற்றி, தார்ப்பாய் போடுங்கள். படுக்கப்போட்டு மேலே எதையும் ஏற்றக் கூடாது. திரும்பும் வண்டிதானே என்று டிரைவர் வழியில் வேறு சரக்கு ஏற்ற ஆசைப்படுவார். வாடகை பேசும்போதே, “அண்ணே, இது தவிர ஒரு மூட்டைகூட வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து விருத்தாசலம் வரை பெரிய கவலை இல்லை. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

15. வீட்டில் வைப்பது. சிவப்புச் சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் கைதட்டினால் திரும்பக் கேட்கும். அந்த எதிரொலி இருக்கும்வரை எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் பிரகாசிக்காது. உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பவானி ஜமுக்காளம் விரியுங்கள். தலைக்குப் பின்னால் உள்ள சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து மூன்றடியில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் நாலு விரல் முன்னே, நாலு விரல் பின்னே நகர்த்திக் கேளுங்கள். பாடுகிறவர் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று தோன்றிய இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். கூட்டுகிறவர்கள் நகர்த்தினாலும் திரும்ப வைக்கலாம்.

16. நம் ஊர்க் காற்றுக்குத் தனி கவனம் வேண்டும். கோடையில் செம்மண் தூசி, ஐப்பசி கார்த்திகையில் ஈரம். கேட்காத நேரத்தில் பழைய பருத்திப் புடவையைப் போர்த்தி வையுங்கள்; பாலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும். எலெக்ட்ரோஸ்டாட்டிக் தாள் தூசியைத் தானே இழுக்கும். ஓர் இரவு பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மென்மையான பிரஷ் உள்ள வாக்குவம் கிளீனரால் துணியின் மேலாக உறிஞ்சலாம். ஈரத்துணி ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அந்த அறைக் கதவைச் சாத்துங்கள், எண்ணெய்ப் புகை படிந்தால் போகாது. பல்லி உள்ளே புகுந்தால் அதுவும் செத்து ஸ்பீக்கரும் கெடும். இடி இடிக்கத் தொடங்கியதும் பிளக், ஆம்ப் வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். மேக்னபேனின் காந்தம் வலுவானது. குண்டூசி, ஆணி, கத்தரிக்கோல் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

17. இனி விற்பவர்களுக்கு. குறையை முதலில் சொல்லுங்கள். எங்கே ஒட்டியது, எந்தத் துணி மாற்றியது, எந்த மழையில் பொரிந்தது எல்லாம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம் இரண்டையும் அனுப்புங்கள். தொலைவிலிருந்து வண்டி பிடித்து வருகிறவருக்குக் குறையை மறைத்துவிட்டு நாம் எந்தப் பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியும்? குறை தெரிந்து வாங்குகிறவர் பேரம் பேசுவார், பிறகு சண்டைக்கு வரமாட்டார்.

18. வருகிறவர் கொண்டுவரும் பாட்டையே போடுங்கள். உங்கள் ஸ்பீக்கர் நன்றாகப் பாடும் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டாம். காபி கொடுத்துவிட்டு அரை மணி நேரம் அவரைத் தனியாக விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் அவருக்கு எதுவுமே கேட்காது.

19. அட்டைப்பெட்டி, கால், திருகாணி, கையேடு, உபரி ஃபியூஸ் இவற்றை ஒரே இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வந்த பெட்டி இருந்தால் விலையும் நிற்கும், பயணமும் பயமில்லை. சட்டத்தில் மாட்டும் கால் தொலைந்தால் அதே அளவில் ஆசாரியிடம்தான் செய்ய வேண்டும்.

20. ஸ்பீக்கருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். வாங்கிய தேதி, சுவரிலிருந்து எத்தனை அங்குலம், எந்த ஆம்ப், ஃபியூஸ் மாற்றிய நாள், ஒட்டிய கம்பி ஓரத்திலிருந்து எத்தனையாவது. நான் வாங்கியபோது அப்படி எதுவும் கைக்கு வரவில்லை; எல்லாவற்றையும் நானே தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனால் முதல் ஜோடியை ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்குக் கொடுத்தபோது நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். “இடது பக்கம் ரெண்டு கம்பி ஒட்டியிருக்கு தம்பி, கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றேன். அவர் தவிலைப் போட்டு, கண்ணை மூடி, இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். “ஒண்ணும் தெரியலைங்கய்யா” என்றார். இரண்டு மாதம் கழித்துப் போனில் ஒரு படம் வந்தது. என் நோட்டின் அடுத்த பக்கம், அவர் கையெழுத்து: புது வீடு, சுவரிலிருந்து 41 அங்குலம், ஜமுக்காளம் போட்டாச்சு.